தள்ளிப்போன சாவு

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

ஃபோன் செய்தால் எடுக்க மாட்டாய். வாசலில் வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டாய். கடிதத்தை மட்டும் கிழித்துப் போடுவதற்காகவாவது கையில் எடுப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணனின் நுரையீரலைச் சுற்றித் தேங்கியிருந்த நீரிலிருந்து எடுத்த புற்றுநோய்ச் செல்களை எங்கள் ஆய்வகத்தில் வளர்த்து வருகிறேன் என்று உனக்குத் தெரியும். அதற்காகத்தான் ஐந்து வருடமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறாய். அவற்றை வைத்து நான் செய்த வேலை இப்போது முடியும் கட்டத்துக்கு வந்திருக்கிறது. கட்டுரையாக வெளியிடும் முன் ஒரு சோதனை கேட்கிறார்கள். அந்தச் செல்கள் உண்மையிலேயே அவருடையவைதான் என்று காட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் அவருடைய ரத்தமோ சதையோ எதுவும் பாக்கி இல்லை, பழையதையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. உங்கள் அப்பா அம்மாவும் போய்விட்டார்கள். கூடப்பிறந்தவள் நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

இத்துடன் ஒரு சின்ன டப்பா வருகிறது. உள்ளே பஞ்சு சுற்றிய குச்சி இரண்டு இருக்கும். கன்னத்தின் உட்பக்கம் தேய்த்து, அதே டப்பாவில் போட்டு அனுப்பினால் போதும். வெறும் சம்பிரதாயத்துக்குத்தான்.

கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அண்ணி

*

பிப்ரவரி 20

அண்ணிக்கு,

வாலு என்று என்னைக் கூப்பிட ஒருத்தனுக்குத்தான் உரிமை இருந்தது. அவனை உங்கள் ஆய்வகப் பெட்டிக்குள் வைத்துவிட்டீர்கள். பெயரையும் எடுத்துக்கொள்ளப் பார்க்காதீர்கள்.

உங்கள் குச்சி வந்தது. நான் பொய்ப்பல் கட்டிப் பிழைக்கிறவள். ஊரில் பாதிப் பேருடைய வாயின் அச்சு என் அலமாரியில் இருக்கிறது. கன்னத்தின் உட்பக்கம் எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அனுப்ப முடியாது.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நாத்தனார் வீம்பு பிடித்தாள் என்று ஆகிவிடக் கூடாது. அண்ணன் செத்த அன்று நான் அழவில்லை. அதிர்ச்சி என்றார்கள். சரி, மெதுவாக அழுதுகொள்ளலாம் என்று இருந்தேன். ஒரு வருடம் கழித்து நீங்கள் இங்கே வந்து, என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பெருமை பொங்கச் சொன்னீர்கள்: "அவரோட செல்லெல்லாம் எவ்ளோ நல்லா வளருது தெரியுமா? நிக்கவே மாட்டேங்குது." என் கையிலிருந்த தட்டு நழுவி விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? வளர்கிறதாம்! தொட்டியில் வைத்த செடியா அது? அன்றோடு எனக்கு அழுகை நின்றுபோய்விட்டது. ஒரு ஆளில் கொஞ்சம் இன்னும் எங்கேயோ கதகதப்பாக இருக்கும்போது எதை நினைத்து அழுவது?

கல்யாணத்துக்கு முன் அவன் இருந்த மாடி அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். பட்டப்பகலில், கீழே நான் மெழுகு உருக்கிக்கொண்டிருக்கும்போது, மேலே யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம் கேட்கிறது. கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் கேட்டோமே, அதே மூச்சு. ஏறிப்போய்த் திறந்தால் ஒன்றும் இருக்காது. மெத்தையில் மட்டும், இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். தட்டிச் சரிசெய்துவிட்டு வருவேன். அடுத்த முறை போனால் மறுபடி பள்ளம்.

கனவிலும் வருகிறான். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே நிற்கிறவனின் கால் மட்டும் தெரிகிறது. "வாலு, யாரையாவது கூப்புடு" என்கிறான். லிஃப்ட் மெக்கானிக்கே உள்ளே மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது அண்ணி? நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் குடுவையைக் கொட்டிக் கழுவுங்கள். அவனை விடுங்கள்.

*

மார்ச் 3

நாத்தனாருக்கு,

(இனி இப்படியே எழுதுகிறேன்.)

உன் கனவைப் படித்த பிறகு இரண்டு நாள் நானும் லிஃப்டில் ஏறவில்லை. நாலு மாடி, படியில்தான் போனேன்.

நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இது அவர் கேட்டது. நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அதற்கான சாவு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. காஸ்பேஸ் என்று ஒரு வகை நொதிகள். மூடி வைத்த கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள். செல் கெட்டுப்போனால் உள்ளே ஒரு உத்தரவு வரும். கத்தரி திறக்கும். உள்ளே இருப்பதையெல்லாம் வரிசையாக நறுக்கும். செல் சுருங்கி, குமிழ் குமிழாகப் பிரிந்து, பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். வீக்கம் இல்லை, சீழ் இல்லை. உனக்குள்ளும் எனக்குள்ளும் இந்த நிமிஷம் எத்தனையோ அப்படிப் போய்க்கொண்டிருக்கின்றன, நமக்குத் தெரிவதே இல்லை. இந்த நோயில் மட்டும், உத்தரவு வந்தாலும் கத்தரி திறப்பதில்லை. சாக வேண்டியது சாக மாட்டேன் என்கிறது. அது அப்படியே பெருகிப் பெருகி, கடைசியில் மனுஷனுக்கு மூச்சு விட இடம் இல்லாமல் போகிறது.

படுக்கையில் இருந்தவரிடம் இதை ஒரு நாள் விளக்கினேன். ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து நகர்த்திவிட்டுக் கேட்டார்: "பிரேக்கே இல்லையா? இல்ல, இருக்கற பிரேக்க யாராவது புடிச்சு வெச்சிருக்காங்களா? ரெண்டும் வேற வேற ரிப்பேர்." எனக்குத் தெரியாது என்றேன். "அப்ப கண்டுபுடி. எங்கிட்டேருந்தே எடுத்துக்கோ" என்றார். ஒரு சிகரெட்டைக் கூடத் தொடாமல் இதில் மாட்டிக்கொண்ட மனுஷர், தன் நுரையீரல் நீரைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் குழாயை மறுபடி மாட்டிக்கொண்டார்.

நொதியே இல்லாவிட்டால் எந்த மருந்தும் உதவாது. நொதி இருந்து, அதை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருந்தால், அந்தப் பிடியைத் தளர்த்த மருந்து உண்டு. ஆறு வருடம் தேடினேன். பிடித்துத்தான் வைத்திருக்கிறது. ஒரு புரதம். மருந்து கொடுத்தால் விடுகிறது. அவரைப் போன்ற நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்க்க ஒரு டாக்டர் குழு தயாராக இருக்கிறது. அந்தச் சோதனை ஒன்றுதான் பாக்கி.

இதுவரை எழுதியது நியாயம். நியாயம் இல்லாததையும் எழுதிவிடுகிறேன். தினமும் சாயங்காலம் அந்தச் செல்கள் வளர்கிற இன்குபேட்டரைத் திறந்து, "நேரமாச்சு, கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். சில நாள் சண்டையும் போடுவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நீ மட்டும் என்னவாம்? தொழில் பழகும்போது அவர் வாயைப் பிளாஸ்டரில் வார்த்தாயே, மேல் பல் கீழ் பல்லோடு, அது இன்னும் உன் அலமாரியில்தானே இருக்கிறது? உன்னுடையது வளரவில்லை. மற்றபடி நமக்குள் என்ன வித்தியாசம்?

அண்ணி

*

மார்ச் 14

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அந்தப் பல் அச்சை எடுத்துத் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்தேன். கொஞ்ச நேரத்தில், மூச்சு முட்டுமே என்று தோன்றி அவிழ்த்துவிட்டேன். என் புத்தி போகிற போக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குச்சியை அனுப்பியிருக்கிறேன். அண்ணன் கேட்டதற்காக. உங்களுக்காக இல்லை.

ஒரு நிபந்தனை. உங்கள் சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். குடுவையில் இருப்பதையும்தான், உறைய வைத்திருப்பதையும்தான். ஒரு சொட்டுகூட மிச்சம் இருக்கக் கூடாது. வாக்கு கொடுங்கள். கொடுக்காவிட்டாலும் கொடுத்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வேன்.

அப்புறம், "நாத்தனாருக்கு" என்று பார்த்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. வாலு என்றே எழுதித் தொலையுங்கள்.

*

ஏப்ரல் 10

வாலு,

இதை எழுதி எழுதிக் கிழித்தேன். எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான், சொல்லிவிடுகிறேன்.

அந்தச் செல்களுக்கும் உனக்கும் எந்த உறவும் இல்லை. தூரத்து உறவுகூட இல்லை. எங்கேயோ குச்சி மாறிப்போயிருக்கிறது என்று நினைத்து மறுபடி செய்யச் சொன்னேன். அதே பதில்தான் வந்தது. அவை உன் அண்ணனுடையவை இல்லை. ஒரு பெண்ணுடையவை. பல வருடங்களுக்கு முன் வேறெங்கோ இதே நோயில் இறந்துபோனவள். அவளுடைய செல்களை நிறைய ஆய்வகங்களில் வளர்க்கிறார்கள். எனக்குப் பக்கத்து மேசையிலும் வளர்க்கிறார்கள்.

எங்கள் தொழிலில் இது நடக்கிறதுதான். ஒரே ஊட்டத் திரவப் புட்டியில் இரண்டு மேசைக்காரர்கள் கை வைத்தால் போதும், ஒரு சொட்டில் நாலு செல் தாவிவிடும். வேகமாக வளர்கிறது, மெதுவாக வளர்கிறதை நெருக்கித் தள்ளிவிடும். மேலே பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. முதல் சில மாதங்களிலேயே நடந்து முடிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். உன் சாப்பாட்டு மேசையில் நான் பெருமையடித்தது அவளைப் பற்றித்தான்.

கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டேன். டாக்டர் குழு கதவைச் சாத்திவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆறு வருட உழைப்பு போனது வலிக்கவில்லை என்றால் பொய். ஆனால் வலி அங்கே இல்லை. இன்று காலை இன்குபேட்டரைத் திறந்தேன். அதே தட்டில், அதே இடத்தில் அவை இருந்தன. என் கை பழக்கத்தில் திரவத்தை மாற்றியது. "வந்துட்டேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. யாரிடம் வாலு? என் மூக்கடைப்பு, என் கோபம், நான் போட்ட சண்டை, எல்லாவற்றையும் யாரோ ஒருத்தி கேட்டுக்கொண்டு, பதில் பேசாமல் பெருகிக்கொண்டே இருந்திருக்கிறாள். இப்போது அந்தக் கதவைத் திறக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. திறக்காமல் போனால், பட்டினி போடுகிறோமே என்று அதற்கும் பயமாக இருக்கிறது.

அண்ணி

*

ஏப்ரல் 18

அண்ணி,

முதலில் சிரித்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு, ஆறு வருடம் முன்பின் தெரியாத ஒரு அம்மாவோடு குடித்தனம் நடத்தியிருக்கிறீர்கள்! நானும் அந்தம்மாவை ஐந்து வருடமாக வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருக்கிறேன். பாவம், அவள் யார் வம்புக்கும் போனவள் இல்லை. நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சிரித்து முடித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. மாடியில் சத்தமே இல்லை. இதற்காகத்தானே உங்களைச் சபித்தேன், சந்தோஷப்பட வேண்டியதுதானே? அறையைத் திறந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த மூச்சுச் சத்தம் வரட்டும் என்று காத்திருந்தேன். வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. சத்தம் வரவில்லை. மெத்தை சமமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியென்றால் அண்ணன் எப்போது செத்தான்? ஆஸ்பத்திரியிலா? அன்று நான் அழாமல் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். இல்லை, குடுவையிலா? அது எந்த நாள்? அன்று நான் யாருடைய பல்லைத் தேய்த்து மெருகு போட்டுக்கொண்டிருந்தேன்? நெருக்கித் தள்ளியது என்று எழுதியிருக்கிறீர்களே. இரண்டாம் தடவையும் அவனுக்கு இடம் இல்லாமல்தான் போயிருக்கிறது. இந்தத் தடவை பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லை. அவன் போனது தெரியாமல், நீங்கள் அங்கே பேசிக்கொண்டிருந்தீர்கள், நான் இங்கே பயந்துகொண்டிருந்தேன்.

வாலு

*

ஏப்ரல் 29

வாலு,

இதை உன்னிடம் மறைத்துவிடலாமா என்று நினைத்தேன். நான் கொடுக்காத வாக்கைக் கொடுத்ததாக நீ எடுத்துக்கொண்டாயே, அதனால் மறைக்க முடியவில்லை.

உறைகலத்தில் ஒரு குழாய் இருக்கிறது. சுண்டுவிரல் நீளம். ஆஸ்பத்திரியிலிருந்து அந்த நீரைக் கொண்டு வந்த கையோடு, வேறு எந்தக் குடுவைக்கும் பக்கத்தில் போகும் முன்பே உறைய வைத்தது. அதற்குள் அவள் வந்திருக்க வழியே இல்லை. அதில் இருப்பது அவர்தான். ஒரே ஒரு குழாய், ஒரு தடவைதான் திறக்கலாம். இத்தனை வருடம் உறைந்து கிடந்ததில் எத்தனை செல் எழுந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நீ கேட்டபடி அதைத் திறக்காமலே அழித்துவிடுகிறேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதுதான் நிம்மதி. மறுபடி அவர் முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. நான் கண்டுபிடித்ததெல்லாம் அவளைப் பற்றி. அவருக்குள் நொதியே இல்லை என்று வந்துவிட்டால்? "எங்கிட்டேருந்தே எடுத்துக்கோ" என்றவரிடம் போய், உங்களுக்கு வழியே இருந்திருக்காது என்று சொல்வதா?

நாளை மறுநாள் செய்துவிடலாம் என்று நினைத்தேன். உன் ஒரு வரிக்காகத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

அண்ணி

*

மே 6

அண்ணி,

வேண்டாம்! தொடாதீர்கள்! நான் இதுவரை எழுதியதையெல்லாம் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திறங்கள். என்ன கொடுப்பீர்களோ கொடுங்கள். சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் குளிர் தாங்க மாட்டான், உங்களுக்கே தெரியும். மருந்து, கேள்வி, பதில் எல்லாம் அப்புறம். கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும். இதே கையால்தான் "அவனை விடுங்கள்" என்று எழுதினேன். அப்போது அவன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன், அதனால் எழுத முடிந்தது.

அந்தம்மாவை மட்டும் அவன் பக்கத்தில் விடாதீர்கள்.

வாலு

*

ஜூன் 2

வாலு,

திறந்தேன்.

எல்லாம் புதுப் புட்டி, புதுத் தட்டு. பக்கத்து மேசைக்காரர்களை அறைக்குள்ளேயே விடவில்லை. அந்தம்மாவை வேறு தளத்துக்கு அனுப்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளவில்லை. முதலில் எல்லாம் மிதந்தன. மிதந்தால் செத்தது என்று அர்த்தம். நான் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அந்த வாரக் கடைசியில் தட்டின் ஓரமாகச் சில செல்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. அவளுடையவற்றைப் போல அடித்துப் பிடித்துக்கொண்டு வளரவில்லை. நிதானமாக, ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஆறு வருடத்தில் நான் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கொஞ்சம் எடுத்து உன் குச்சியோடு ஒப்பிடச் சொன்னேன். கூடப்பிறந்தவர் என்று பதில் வந்தது. நின்றபடியே படித்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது.

இரண்டு தட்டாகப் பிரித்தேன். ஒன்றுக்கு மருந்து கொடுத்துவிட்டேன். நீ அப்புறம் என்று சொல்லியிருந்தாய், மன்னித்துக்கொள். அவை நீண்ட நாள் தாங்கும் என்று தோன்றவில்லை. பதில் தெரியாமலே கை நழுவிவிடும் என்று பயந்தேன். கத்தரி திறந்து வெட்ட ஆரம்பித்தால் பச்சையாக ஒளிர்கிற ஒரு சாயம் இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். கறுப்பு. கண் வலிக்கும்வரை கறுப்பு. நொதி இல்லை, அவ்வளவுதான் என்று எழுந்திருக்கப் போனபோது ஒரு மூலையில் ஒன்று பச்சையானது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் தட்டு முழுக்க.

இருந்திருக்கிறது வாலு. அத்தனை நாளும் அவருக்குள்ளேயே, ஒரு குறையும் இல்லாமல் இருந்திருக்கிறது. பிடித்துத்தான் வைத்திருந்திருக்கிறார்கள். அந்த மருந்து அப்போதே கையில் இருந்திருந்தால்… இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. டாக்டர் குழுவுக்கு எழுதினேன். இன்னும் பலருடைய செல்களில் காட்டினால் யோசிக்கிறோம் என்றார்கள். காட்டுவேன்.

மருந்து கொடுக்காத தட்டு ஒன்று இருக்கிறது. அவரில் மிச்சம் அவ்வளவுதான். கவனமாகப் பார்த்துக்கொண்டால் சில வாரம் இழுத்துக்கொண்டு போகலாம். மறுபடி உறைய வைத்தால் வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். மருந்து கொடுத்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். வேலைக்குத் தேவை என்று நான் ஆயிரம் காரணம் கண்டுபிடிப்பேன், நம்பாதே. எனக்கு விட மனசில்லை, அதுதான் காரணம். இந்தத் தடவை நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அண்ணி

*

ஜூன் 10

அண்ணி,

வைத்துக்கொள்ளுங்கள், உறைய வைத்துவிடுங்கள் என்று ஒரு கடிதம் எழுதினேன். கவரில் போட்டு, ஒட்டி, தபால் பெட்டிவரை போனேன். அங்கே நின்றுகொண்டு யோசித்தேன். சில வருடம் கழித்து இதே கேள்வியை மறுபடி கேட்பீர்கள். அப்போதும் இருக்கட்டும் என்பேன். உங்களுக்கு வயசாகும், எனக்கு வயசாகும், அவன் மட்டும் அந்தக் குளிருக்குள் இருப்பான், நமக்குத் துணையாக. அவனுக்குச் சாகத் தெரிந்திருக்கிறது அண்ணி. அவனைச் சாக விடவில்லை, அவ்வளவுதான். அதையே நாமும் செய்ய வேண்டாம். கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

மருந்தைக் கொடுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். கடைசிப் பச்சை அணைகிறவரை யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதீர்கள். பேச வேண்டும் என்று தோன்றினால் பேசுங்கள். இந்தத் தடவை அவன்தான் கேட்பான்.

இது உங்கள் கைக்கு வந்த அன்றே செய்துவிடுவீர்கள். அதனால் அடுத்துச் சொல்ல வேண்டியதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் சாவு விழுந்துவிட்டது அண்ணி. அண்ணன் போய்விட்டான். கூடத்தைக் கழுவிவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். அவர்கள் யாருக்கு என்ன என்று கேட்டார்கள், "எங்க அண்ணன்" என்றேன். இரண்டு நாளாக அழுதுகொண்டிருக்கிறேன், நிற்கவில்லை. தனியாக என்னால் ஆகவில்லை. உடனே புறப்பட்டு வாருங்கள்.

வாலு